சந்தியில்லாத சீனப் பட்டணம்

பொற்கொடி சீனா போனதில்லை. திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டை, தப்பித்தவறி வருஷத்துக்கு ஒருமுறை திருச்சி, அவ்வளவுதான் அவள் கண்ட உலகம். ஆனாலும் போன மாசி மாதம் சீனாவில் ஓர் ஆற்றங்கரையில் அவள் ஒரு முழுப் பட்டணத்தைக் கட்டி முடித்தாள். அதில் ஒரு மீசையும் பறிபோனது.

ஊருக்கு அவள் தபால்காரம்மா. கல்யாணமாகி வந்த கையோடு தபால் வேலையில் சேர்ந்தவள், இருபத்தேழு வருஷமாக அதே தெருக்களைச் சுற்றுகிறாள். முதலில் நடை, அப்புறம் சைக்கிள், இப்போது ஸ்கூட்டி. எந்த வீட்டு நாய் பையைக் கண்டால் குரைக்கும், எந்த வீட்டில் மாமியார் இல்லாத நேரம் பார்த்து மருமகளின் கடிதத்தைக் கொடுக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. இத்தனை வருஷத்தில் ஒரு தபாலைக்கூட வீடு மாற்றிக் கொடுத்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சிரிப்பு வந்தால் மட்டும் அடக்கத் தெரியாது. சாவு வீட்டில்கூட முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறாள்.

கணவர் செல்லமுத்து புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வீட்டுக்கு ப்ளான் போட்டுக் கொடுக்கிறவர். நல்ல மனிதர்தான். உலகத்தில் கோடு போடத் தெரிந்த ஆள் தான் ஒருவர்தான் என்ற நினைப்பு, அது ஒன்றே குறை. சொந்த வீடு கட்டும்போது, "அடுப்படிக் கதவைக் குழாய்ப் பக்கமா வைங்க" என்று பொற்கொடி சொன்னாள். "ப்ளானைப் பத்தி ஒனக்கென்னடி தெரியும்?" என்று வேறு பக்கம் வைத்தார். இருபது வருஷமாக அவள் குடத்தோடு வீட்டைச் சுற்றி வருகிறாள். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவில்லை. ஆறவும் கூடாது என்பதே என் கட்சி.

இவர்கள் வீட்டுக்குச் சீனா வந்தது மகள் மணிமேகலையின் லேப்டாப்பில். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவள் இரண்டு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய வந்தபோது, அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று ஒரு விளையாட்டைக் காட்டிக் கொடுத்தாள். பழங்காலச் சீனா, ஆற்றங்கரை, வெறும் பொட்டல். விளையாட்டுக் கணக்கில் பன்னிரண்டு வருஷத்துக்குள் அங்கே இரண்டாயிரம் பேர் வாழும் பட்டணம் எழும்ப வேண்டும். ராஜாவுக்கு இருபது கட்டு பட்டு போக வேண்டும். முப்பது வீடாவது மாடி வீடாக உயர வேண்டும். வீடு உயர்வது லேசில்லை. தண்ணீர்க்காரி, வைத்தியர், சோறும் துணியும் பானையும் விற்கிறவர்கள், அத்தனை பேரும் அந்த வீட்டு வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் வரத் தவறினாலும் மாடி வீடு மறுபடி குடிசையாகிவிடும்.

பொற்கொடி முதலில் கட்டிய ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு வைத்தியரை வைத்தாள். நோய்நொடி வரக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஊரில் பாதிப் பேர் மருந்துப் பையோடு திரிந்தார்கள், வயலில் இறங்க ஆளில்லை. மூன்றாம் வருஷம் ஆரோக்கியமாகப் பட்டினி கிடந்து ஊரே காலி.

செல்லமுத்து எட்டிப் பார்த்தார். "தள்ளு அங்கிட்டு. ஊர் கட்டுறதுன்னா என்னன்னு காட்டுறேன். நம்ம புதுக்கோட்டை மாதிரி நேர்நேரா தெரு போடணும்."

ஸ்கேல் வைத்த மாதிரி எட்டுத் தெரு, நடுநடுவே அழகழகான நாற்சந்தி. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. நாலாம் வருஷம் காய்ச்சல், ஐந்தாம் வருஷம் தீ, ஆறாம் வருஷம் சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டே நடந்தார்கள். மறுபடி கட்டினார். மறுபடி நடந்தார்கள். மூன்றாவது தடவை அவர், "இது கம்ப்யூட்டர் கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னதும் பொற்கொடி சிரித்த சிரிப்பில் விலா பிடித்துக்கொண்டது.

ரோஷம் வந்துவிட்டது மனிதருக்கு. "ஞாயித்துக்கெழமை மேகலை லேப்டாப்பைத் தூக்கிட்டுப் பஸ் ஏறுறதுக்குள்ள நீ இதை முடிச்சுக் காட்டு. முடிச்சா என் மீசையை எடுத்துர்றேன். முடிக்கலைன்னா ப்ளான் விஷயத்துல இனிமே நீ வாயே தெறக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் பொற்கொடி. சொன்ன பிறகுதான் கணக்குப் பார்த்தாள். மீசை போனால் முளைக்கும். அவள் வாய்?

சனிக்கிழமை காலை விளையாட்டில் வரும் வைத்தியர் ஒருவரையே விரலால் தொட்டுத் தொடர்ந்துகொண்டிருந்தாள். மனிதர் தெருமுனை வரை ஒழுங்காக வந்தார். சந்தி வந்ததும் நின்றார், மனம்போன பக்கம் திரும்பினார், வீடே இல்லாத களிமண் குழிப் பக்கம் ஜாலியாக நடந்து போனார். இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. தபால் ஆபீசில் கடிதங்களைப் பிரிக்கும்போது பிடிபட்டுவிட்டது. அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அவளுக்குப் பதிலாகத் தபால் கொடுக்க வந்த ஆள்! சந்திக்குச் சந்தி இஷ்டத்துக்குத் திரும்பி, ஒரு பக்கத்துத் தெருக்களுக்குப் பத்து நாள் தபாலே கொடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்ட புண்ணியவான்.

பிறகு அந்த ஆளுக்கு அவள் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். தபால் சுற்றை ஒரு முனையில் தொடங்கினால் குறுக்கே எங்கும் பாயாமல் சுற்றிக்கொண்டு தொடங்கின இடத்துக்கே வந்து சேர வேண்டும். சீனாக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. சந்தியை எடுத்துவிடலாமே! அவள் ஆபீஸ் என்றும் பாராமல் கைதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பை இறக்கிவைத்த கையோடு உட்கார்ந்தாள். முதலில் வயலும் களஞ்சியமும். சோறு சேர்ந்த பிறகே சனங்களைக் கூப்பிட்டாள், அதுவும் ஆரம்பத்தில் இருபது வீடு மட்டும், சோறு கூடக் கூட மற்ற வீடுகள். வீடுகளைத் தொட்டுக்கொண்டு ஒரே ஒரு சுற்றுத் தெரு, அதில் சந்தி கிடையாது. வயலுக்கும் பட்டுக் கொட்டகைக்கும் போகிற வாசலில் மட்டும் ஒரு தடுப்பு. சுமை கொண்டுபோகிறவன் அதைத் தாண்டிப் போவான், சும்மா சுற்றுகிறவன் திரும்பிவிடுவான். வைத்தியர் சுற்றினார், தண்ணீர்க்காரி சுற்றினாள், பானைக்காரன் சுற்றினான். குடிசைகள் ஓட்டு வீடாயின, ஓட்டு வீடுகள் மாடியாயின. பொற்கொடிக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. "வாடி என் தங்கம், வா, அடுத்த வீட்டுக்கும் ஊத்து" என்று தண்ணீர்க்காரியைக் கொஞ்சினாள்.

பதினோராம் வருஷம் பட்டு போய்ச் சேர்ந்தது, சனங்களும் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். மாடி வீடு மட்டும் இருபத்தெட்டில் நின்றது. மணி ஐந்தேகால். ஆறு மணிக்குப் பஸ். மணிமேகலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். செல்லமுத்து கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஆசை தீர முறுக்கினார்.

பொற்கொடி பானைக்காரனைத் தொடர்ந்தாள். கடைசி இரண்டு வீட்டுக்கு முன்னால் அவன் சட்டென்று உள்ளே திரும்பினான். அங்கே அவளே ஆசைப்பட்டுப் போட்ட ஒரு சந்து இருந்தது, தாமரைக் குளத்துக்குப் போகிற பாதை. தெரு அழகாக இருக்கட்டுமே என்று வைத்தது. பானையை விட்டுவிட்டு அவன் குளத்தை வேடிக்கை பார்க்கிறான்!

"போடா, பெரிய ரசிகன்!" என்று அந்தச் சந்துப் பாதையை இடித்துத் தள்ளினாள்.

பானைக்காரன் நேராக நடந்தான். இருபத்தொன்பது. முப்பது. லேப்டாப்பில் முரசு முழங்கியது. பொற்கொடி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அழகி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னடி, மேகலைக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சா?"

"இல்லக்கா, சீனாவுல ஊர் கட்டிட்டேன்!"

செல்லமுத்து வாக்குத் தவறாத மனிதர். நேராகச் சலூனுக்குப் போய், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாப்பில் மணிமேகலை துண்டைப் பிடுங்கிப் படம் எடுத்தாள். முப்பது வருஷம் வெயில் படாத இடம் சுண்ணாம்பு அடித்தது போல் பளிச்சென்று இருந்தது. பொற்கொடி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் அவர்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. மீசையை எடுக்க மனம் வந்த மனிதருக்கு ஜெயித்தாய் என்று ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லையே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு நாள் தேவைக்கு மேல் பேசவில்லை.

வியாழக்கிழமை கீழத்தெருவில் அவள் தபால் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"எங்கிட்டு இருக்க?"

"தபாலோட நிக்கிறேன். என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நாப்பது மனைக்கு ஒரு லேஅவுட் வந்திருக்கு. பார்ட்டி பக்கத்துலதான் இருக்கார். மூணு முட்டுச்சந்து விட்டா ரெண்டு மனை கூடக் கெடைக்கும்கிறார்." குரலைத் தாழ்த்தினார். "நீ என்ன நெனைக்கிற?"

பொற்கொடி ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டாள்.

"முட்டுச்சந்துக்குள்ள கேஸ் வண்டி வந்தா எப்படிங்க திரும்பும்? ஆம்புலன்ஸ்? மூணு முனையையும் ஒரு தெருவா இழுத்து இணைச்சிருங்க. நான் தபாலோட உள்ள நொழைஞ்சா நாப்பது வாசலையும் தொட்டுட்டு ஒரே சுத்துல வெளிய வரணும்."

"ம்" என்றார். போனை அணைக்க மறந்துவிட்டார். அவர் பார்ட்டியிடம் பேசுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"முட்டுச்சந்து சரிவராது சார்."

"ரெண்டு மனை போகுதே. யாரு சார் சொன்னது?"

"எங்க வீட்ல கேட்டேன். அவங்க தெருத்தெருவா நடந்து பாத்தவங்க சார்."

பொற்கொடி போனைப் பையில் போட்டாள். அடைக்கலமேரி டீச்சருக்கு வந்த கல்யாணப் பத்திரிகையை எதிர் வீட்டில் மாற்றிக் கொடுத்ததுகூடத் தெரியாமல், சிரித்துக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.