கரடியூரில் ஒத்துப்போகாத இரண்டு கடிகாரங்கள்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதம், நான் முதன்முதலாக ஏற்காடு போனது சுற்றிப்பார்க்க அல்ல. இரண்டு கணினிகளின் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்க. உடன் வந்தவர் வசந்தா. என்னோடு வேலை பார்த்தவர், சேலத்துப் பெண்.

சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். (பஸ்ஸில் முன் இருக்கை பிடியுங்கள். நான் பிடிக்கவில்லை, அனுபவித்தேன்.) ஏற்காட்டிலிருந்து கரடியூருக்கு ஜீப்.

அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் விரிசல் விட்டிருந்தன. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த சுரங்கத்தில் வைக்கும் வெடிதான் காரணம் என்றார்கள் குடியிருந்தவர்கள். எங்கள் அலுவலகத்தார் எஸ்டேட்டிலும் சுரங்கத்திலும் அதிர்வுமானி வைத்து, இடத்துக்கொரு கணினியோடு இணைத்திருந்தார்கள். பதிவோ, வெடிக்கு இரண்டு நொடி முன்பே வீடு ஆடியதாகக் காட்டியது. "அப்படியானால் இது பூமியின் வேலை" என்று சுரங்க நிர்வாகம் கைகழுவியது. இன்னும் ஒரே ஒரு வெடியை மட்டும் அளக்கச் சம்மதித்தார்கள்.

விரிசல் விட்ட வீட்டில் இருந்த பாப்பாத்தி அக்கா எங்களை வாசலிலேயே மறித்தார். "ஏனுங்க, வெடிக்கு முன்னாலயே ஊடு ஆடுச்சுங்களாமா? சத்தம் கேக்கறதும் பாத்திரம் உருள்றதும் எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"உங்கள நம்பறேனுங்க அக்கா" என்றார் வசந்தா. "அந்தக் கடிகாரத்தத்தான் நம்பலீங்க."

போனில் "இப்போ" என்று சொல்லி மணியைத் திருத்தினால், சொல்வதற்குள் அரை நொடி போய்விடும். கணினிகளுக்கிடையே செய்திகள் தொலைபேசிக் கம்பியில், சின்னச் சின்னப் பொட்டலங்களாகச் சேலம் வழியே போய்வந்தன. அதே வழியில் மற்றவர்களுடைய பொட்டலங்களும் போகும். நெரிசலில் நம்முடையது காத்துக்கிடக்கும். பதில் வரும்போது அதிலுள்ள மணி பழசாகிவிடும்.

வசந்தா எழுதிய நிரல், எதிர்க்கணினியிடம் "மணி என்ன?" என்று விடாமல் கேட்டது. ஒவ்வொரு முறையும் போய்வர ஆன நேரத்தில் பாதியைப் பதிலோடு கூட்டியது. அதிலும், சீக்கிரம் திரும்பிய பதில்களை மட்டுமே எடுத்துக்கொண்டது.

"மத்ததெல்லாம்?" என்றேன்.

"எங்கயோ வரிசையில நின்னுட்டு வந்ததுங்க. போகையில நின்னுதா, வரையில நின்னுதான்னு தெரியாது. அத எப்படி நம்பறது?"

தொலைபேசி இணைப்பு நாலு முறை அறுந்தது. அவர் முகம் சுளிக்காமல் மறுபடி மறுபடி தொடங்கினார். மாலைக்குள் தெரிந்துவிட்டது: சுரங்கத்துக் கணினி ஏறக்குறைய மூன்று நொடி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தி வைத்தோம்.

மறுநாள் வெடித்தார்கள். எஸ்டேட் அறையில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பதிவைப் பார்த்தோம். வெடித்து ஒரு நொடிக்குள், ஆனால் வெடித்த பிறகுதான், வீடு ஆடியிருந்தது.

"அப்ப நாங்க சொன்னதுதானுங்களே?" என்றார் பாப்பாத்தி அக்கா.

"ஆமாங்க அக்கா. கடிகாரம் இப்பத்தான் உங்க பக்கம் வந்திருக்குதுங்க."

சுரங்கத்தார் வெடிமருந்தின் அளவைக் குறைத்தார்கள், சுவர்களையும் பூசிக்கொடுத்தார்கள். இந்த முறையை வசந்தா கண்டுபிடிக்கவில்லை, எங்கோ படித்திருந்தார். ஆனால் அந்த மலையில், அந்த இணைப்பை வைத்துக்கொண்டு அதைச் சாதித்தவர் அவர்தான். இன்று நம் கைப்பேசியும் ஏறக்குறைய இப்படிக் கேட்டுத்தான் மணியைத் திருத்திக்கொள்கிறது என்று யாராவது சொன்னால், எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

கரடியூர் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். பிற்பகலில் பனி இறங்கினால் பள்ளத்தாக்கு தெரியாது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ளவர்கள் ஏதாவது சொன்னால், கொஞ்சம் நின்று கேளுங்கள்.