ஆளில்லாமல் சுற்றிய கிரேன்

இன்று குற்றாலம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். மேலகரத்தில் கட்டடம் கட்டுகிற டவர் கிரேனைப் பார்க்கத்தான்.

அங்கே என் பேத்திதான் எலக்ட்ரீசியன். வேலை முடிந்ததும் கிரேன் கையின் பிரேக்கை விடுவித்துவிட வேண்டுமாம். காற்றுக்குத் தக்கபடி கை தானாகத் திரும்ப வேண்டும். பிடித்து நிறுத்தினால் கிரேனே சாய்ந்துவிடுமாம்.

நேற்று அந்த பிரேக் விடுபடவில்லை. சாரல் ஈரம் இறங்கி ஒயர் முனையில் களிம்பு பிடித்திருந்தது. மேலே ஏறி அந்த ஒயரை மாற்றிவிட்டு வந்தாள்.

"சரியாயிட்டு ஆச்சி" என்றாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இன்று ஞாயிறு, அங்கே வேலை இல்லை. நல்ல காற்று. எட்டிப் பார்த்தேன். கை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் பதறிவிட்டார். "ஆச்சி, அங்கன பாருங்க, ஆளில்லாம சுத்துது! எந்தப் பய பிரேக் போடாம இறங்கிட்டானோ?"

"பய இல்ல அண்ணாச்சி, என் பேத்தி. சுத்தலைன்னாதான் பயப்படணும்" என்று விவரம் சொன்னேன்.

கிரேனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டு மிக்சியும் சுத்த மாட்டேங்கு. பாப்பாவ வரச் சொல்லுதீங்களா?"

அவ்வளவு உயரம் ஏறுகிறவளை அடுப்படிக்குக் கூப்பிடுகிறார். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?