கோஸ் தண்டு

முட்டைக்கோஸை நறுக்கி முடித்ததும் கோஸம்மா அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். நறுக்கியதைப் பலகையில் பரப்பிவிட்டு, இடுப்பில் கைவைத்து நிற்பாள். சட்டி காத்திருக்கும். தட்டோடு வீட்டுக்காரரும் காத்திருப்பார்.

“என்ன, கோஸ் இன்னும் முழிச்சுக்கலையா?”

“பொறுங்க. இப்பத்தானே வெட்டினேன். அது வேலை செய்ய வேணாமா?”

“வெட்டுப்பட்டப்புறம் அதுக்கென்ன வேலை? வேலை இருக்கிறது எனக்கு. ஆபீஸ் போகணும்.”

அவள் அசையமாட்டாள். கோஸ் இலைக்குள் இரண்டு சரக்குகள் தனித்தனி அறைகளில் குடியிருக்கின்றன. கத்தி பட்டுச் சுவர் இடிந்தால்தான் இரண்டும் கலந்து, மூக்கில் ஏறும் அந்த நெடி பிறக்கும். உடனே சூட்டில் போட்டால் பெரும்பாலும் பிறக்காமலே போய்விடும். ஆய்வுக்கூடத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு இதுதான் உத்தியோகம்: நறுக்குவது, நசுக்குவது, காத்திருப்பது, வடிகட்டுவது. வடித்த சாறு, கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்களின் மேல் சொட்டப்படும். கோஸம்மா என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது.

நெடியும் ஒட்டிக்கொண்டது. மாலைப் பேருந்தில் அவள் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். இவள் ஒன்றும் அறியாதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

“இதைத் தின்னா கேன்சர் வராதாம்மா?” என்று யாராவது கேட்டால், “வராம இருக்க உதவலாம். பார்த்துட்டிருக்கோம்” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

ஒரே ஒரு முறைதான் வாங்க முடிந்தது. வாங்கியவள் அக்கா.

அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் அடுப்பும் தங்கையும் அக்காவின் பொறுப்பு. காலையில் பள்ளிக்குத் தலைபின்னும்போது தங்கையின் தலை ஓரிடத்தில் நிற்காது. கோஸின் நடுத்தண்டைத் தோல் சீவி, உப்புத் தொட்டு அவள் வாயில் வைத்துவிடுவாள் அக்கா.

“மெல்லு. தண்டு தின்னா கணக்கு வரும்.”

இனிப்பாகத் தொடங்கி நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று முடியும் அந்தத் தண்டு. புருவம் மேலேறி நிற்கும்படி இறுக்கிப் பின்னிவிடுவாள் அக்கா. வகுப்பு முழுவதும் தங்கை ஆச்சரியப்பட்ட முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஆனால் கணக்கு வந்தது. அதனால்தான், கண்ணாடித் தட்டில் முதல்முறை செல்கள் செத்த அன்று, அவள் தொலைபேசியில் கத்தினாள்: “அக்கா! உன் கோஸ் கேன்சரைக் கொன்னுடுச்சு!” அக்கா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

இந்த வருடம் அக்காவுக்கே மார்பில் கட்டி. அறுத்து எடுத்தாயிற்று. அடுத்து நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். முதல் தவணைக்கு அழைத்துப் போக லீவு போட்டு வந்த கோஸம்மா, அடுக்களையில் அக்கா கோஸ் நறுக்குவதைப் பார்த்தாள்.

“தலைகூட வாரல பாரு. நான் எங்கயும் வரல. ரெண்டு வேளையும் கோஸ்தான். நீ சொன்ன மாதிரியே வெட்டி வெச்சு, அப்புறம்தான் வேக வைக்கிறேன்.”

“செத்தது கண்ணாடித் தட்டுலக்கா. தட்டுக்கு வயிறு கிடையாது, ரத்தம் கிடையாது.”

“அப்போ இத்தனை வருஷமா எதுக்குடி அரைச்சே?”

“வராம தடுக்க முடியுமான்னு பார்க்க. பூட்டு வாசலுக்குத்தான்க்கா. திருடன் உள்ள வந்தப்புறம் பூட்டினா, அவனையும் சேர்த்து வெச்சுப் பூட்டின மாதிரிதான்.”

“பேச மட்டும் நல்லா கத்துக்கிட்டே.”

“தண்டு தின்னவதானே.”

அக்காவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். முதுகில் அவிழ்ந்து கிடந்த கூந்தல், பாதி நரைத்தும், இன்னும் இடுப்புக்குக் கீழே இறங்கியது.

“முடி கொட்டிடுமாமேடி.”

“கொட்டும். திரும்ப வளரும்க்கா.”

“அதுவரைக்கும்?”

கோஸம்மா பலகையில் ஒதுங்கிக் கிடந்த தண்டை எடுத்துத் தோல் சீவினாள். உப்பைத் தொட்டு அக்காவின் வாயில் வைத்தாள்.

அக்கா மென்றாள். நெடி ஏறிக் கண்ணில் நீர் கோத்தது. விழுங்கிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுத் தங்கைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஜன்னலில் இருந்த சீப்பை எடுத்து, திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.