நாலாம் வகுப்பில் ஏழரை மணிக்கு

பழைய இரும்பு எடுக்கிற தொழிலில், சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவன் ஆறு மாதத்தில் கடையை மூடுவான். நான் இருபது வருடமாக மூடவில்லை. ஒரகடம் கம்பெனிகளில் கழிக்கிற தகடு, கம்பி, உடைந்த டிரம் எல்லாவற்றையும் கத்திக் கத்தியே வாங்கியவன். ஒரு லாட் சரக்குக்கு விலை பேசி முடிந்தால் பாட்டில் என்பது எங்கள் தொழில் வழக்கம். முடியாவிட்டாலும் பாட்டில் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

அதனால்தான் என் மனைவி தேவி, மகள் நிஷாவைக் கூட்டிக்கொண்டு செய்யாறில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது ஒரு நிபந்தனை போட்டாள். தினமும் எட்டு மணிக்கு நான் போனில் வீடியோவில் வர வேண்டும், நிஷா என் கண்ணைப் பார்ப்பாள். முழுப்பரீட்சை வரைக்கும் ஒரு நாள்கூடச் சிவக்காமல் இருந்தால் திரும்பி வருவார்கள். சிவந்தால் பள்ளிக்கூடத்தை அங்கேயே மாற்றிவிடுவார்கள். பேரம் பேசாமல் நான் ஒப்புக்கொண்டது இது ஒன்றுதான். குடியை விட்டவர்களுக்கும், விடப் பார்க்கிறவர்களுக்கும், விட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களுக்கும் இனி வருவது புரியும்.

மாடி ஹால்

குடியை விட்டவர்கள் கூடுகிற இடத்தை ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: பிள்ளைப்பாக்கம், பள்ளிக்கூடம், சனிக்கிழமை ஏழரை. சீட்டைச் சட்டையோடு துவைத்துவிட்டேன். மிச்சம் ஞாபகம் இருந்தது ஊரும் நேரமும்தான். போய்த் தேடினால் ஒரு மாடி ஹாலில் விளக்கு எரிகிறது. வாசல் பேனரில், 'உங்கள் புது வாழ்க்கை இங்கே ஆரம்பம்'. உள்ளே நாற்பது நாற்காலி, டீ, பிஸ்கட், எல்லார் முகத்திலும் கவலை. இதுதான் என்று முடிவு செய்து, தைரியம் போவதற்குள் எழுந்து நின்றேன்.

"என் பேரு ஏகாம்பரம். நான் பெரிய குடிகாரன். பதினோரு நாளா தொடல."

பின்வரிசையில் ஒரு அம்மா மட்டும் கைதட்டினார். அது வீட்டுமனை விற்கிற கூட்டம். டை கட்டிய ஆள் கொஞ்சமும் அசராமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "சூப்பர் சார்! குடிய வுட்டவங்கதான் சார் மொதல்ல எடம் வாங்குறாங்க. கார்னர் பிளாட்டு ஒண்ணு கீது, உங்க பேர்ல போட்டுடலாமா?"

பேரம்

அசல் கூட்டம் இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பறையில். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வரும். எட்டொன்பது பேர். நடத்துகிறவர் ஸ்டீபன் அண்ணன், கம்பெனி பஸ் டிரைவர். குடியை விட்டுப் பல வருடம் ஆனவர்.

"அண்ணே, முழுசா வுட சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம ஒரே ஒரு பீரு" என்று ஆரம்பித்தேன். அவர் அசையவில்லை. மாதத்துக்கு ஒன்று என்று இறங்கினேன். பொங்கலுக்கு மட்டும் என்றேன். கோபம் வந்து, "சரி, சாவுற வரிக்கும் தொடமாட்டேன், மொத்தமா எழுதிக்கோங்க!" என்று எகிறினேன். அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "மொத்தமாலாம் இங்க குடுக்கறதில்ல ஏகாம்பரம். இன்னிக்கு ஒரு நாளுதான் கீது. எடுத்துகினு போ, நாளிக்கி போன் போட்டு மறுபடி கேளு."

ஆறு மணிக்குமேல்

இரும்பு கொட்டி வைக்கிற யார்டின் கேட்டைச் சாத்திய பிறகு எங்கே போவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. ஆறிலிருந்து எட்டு வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு எடைமேடை மேல் உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் குடிக்கக் கூப்பிட்டுப் போன் ஓயாமல் அடிக்கும். ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போகும், ஜன்னல் ஓரம் தலைகள் தூங்கிக்கொண்டே போகும்.

ஒருநாள் பொறுக்காமல், தொழில் கூட்டாளி முனுசாமியை நானே கூப்பிட்டுச் சண்டை பிடித்தேன். லாட் எடுக்க மட்டும் நான் வேண்டும், உங்களோடு உட்கார வேண்டாமா, ஜூஸ் குடித்துக்கொண்டு ஓரமாக இருக்க மாட்டேனா என்று. அவன் சொன்னான்: "கோச்சிக்காத ஏகா. நீ சும்மா உக்காந்துகினு பாத்தா, நாங்க எவ்ளோ குடிக்கிறோம்னு எங்களுக்கே தெரிஞ்சிப்போவுது."

ஒரே கதை

மறைமலை நகரிலிருந்து வருகிற ரிட்டயர்டு சூப்பர்வைசர் ஒருவர், வாராவாரம் ஒரே கதையை நீட்டி நீட்டிச் சொல்வார். கூட்டத்தில் குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. ஒரு சனிக்கிழமை பெஞ்சைத் தட்டிக் கத்திவிட்டேன்: "யோவ், முடிவ சொல்லுய்யா!" எல்லாரும் முறைத்தார்கள். அவர் மட்டும் சிரித்தார்: "வுடுங்கப்பா, கத்தட்டும். வூட்ல எங்கூட சண்ட போடக்கூட ஆளில்ல."

ஓ.டி. சனிக்கிழமை

மாதக் கடைசி. எல்லாக் கம்பெனியிலும் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். ஸ்டீபன் அண்ணனுக்கும் டபுள் டிரிப். வகுப்பறைச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். நல்ல மழை. ஏழே முக்கால் வரை ஒருத்தரும் இல்லை. கரும்பலகையில் வாய்ப்பாடு, காலி பெஞ்சுகள், நான்.

அப்போது பார்த்து முனுசாமி கூப்பிடுகிறான். "அன்னிக்கு சொன்னதுக்கு மனசு கேக்கலடா. வா, உனக்குன்னு சேர் போட்டு வெச்சிகிறோம்." அந்த நாற்காலிக்காகத்தானே அத்தனை நாள் எடைமேடையில் காத்திருந்தேன்? விளக்கை அணைத்தேன், பூட்டை எடுத்தேன்.

வாசலில் நாற்பது வயது ஆள் ஒருவர் தொப்பலாக நின்றார். அவருக்கு முன்னால் சாராய வாடை வந்தது. போர்க்லிப்ட் ஓட்டுகிறவராம், திருநெல்வேலிப் பக்கம்.

"அண்ணாச்சி, கூட்டம் இங்கதான?"

"கூட்டமே இல்லய்யா. யாரும் வரல."

"நீங்க இருக்கியள்லா" என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

விளக்கைப் போட்டேன். இரண்டு வருடமாக ஊருக்குப் போகவில்லை, இங்கே ரூமில் ஆறு பேர், ஒருத்தனோடும் பேச்சில்லை என்று அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. எட்டு மணிக்குப் போன் அடித்தபோது என் கண் மிளகாய் மாதிரி இருந்தது.

"கிட்ட வாப்பா" என்றாள் நிஷா. முகம் மாறியது. "செவந்துகீது."

"அழுதேன் பாப்பா" என்றேன். நூறு தடவை பொய்யாகச் சொன்ன அதே வார்த்தை. யார் நம்புவார்கள்? அதற்குள் அந்த ஆள் என் தோளுக்குமேல் தலையை நீட்டினார்: "ஏ பிள்ள, உங்கப்பா குடிக்கல. குடிச்சவன் நாந்தான், நல்லா பாத்துக்க."

நிஷா எங்கள் இரண்டு பேர் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். போன் தேவி கைக்குப் போனது. அவளும் பார்த்தாள். இத்தனை நாளில் அவளாகப் பேசியது அன்றைக்குத்தான்: "மொதல்ல அவருக்கு எதனா சாப்ட வாங்கிக் குடு. நாளிக்கி எட்டு மணிக்கு வந்துடு."

இருபது வருட வியாபாரத்தில், எவ்வளவு கத்தினாலும் ஒரு நாளுக்குமேல் தர மாட்டேன் என்கிற பார்ட்டிகளை இப்போதுதான் பார்க்கிறேன், இருந்தாலும் தினமும் போய் நிற்கிறேன்.