ஐந்நூறு ரூபாய் மிச்சம்

ஒரு கழித்தல் கணக்கைப் போட்டு என் மனைவியின் வேலையை நான் பறித்தேன். அந்தக் கணக்கு பொய் என்பது போடும்போதே எனக்குத் தெரியும்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மைதிலியைப் பார்த்ததில்லை. அதனால்தான் சொல்ல முடிகிறது...

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்குச் சம்பளம் போட்டவன் நான். எத்தனை நாள் வேலை, எத்தனை மணி ஓவர்டைம், எவ்வளவு பிடித்தம், கடைசியில் கைக்கு எவ்வளவு... ஓய்வு பெறும்வரை இதுதான் என் தொழில். மொத்தச் சம்பளம் வேறு, கைக்கு வருவது வேறு என்று புதிதாகச் சேர்ந்த எத்தனையோ பேருக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். தெரியாமல் செய்த பிழை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை!

மைதிலி வேலை பார்த்தது தாம்பரம் சானடோரியம் பகுதியில், ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில். சட்டைகள் கப்பலேறுவதற்கு முன் தயாராக வேண்டிய காகிதங்கள் எல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போகும்.

மாலையில் செம்பாக்கம் வீட்டுக்குள் அவள் நுழையும்போது பேச்சும் கூடவே நுழையும். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவாள்.

“இன்னிக்கு ராட்டர்டாமுக்கு ரெண்டு கன்டெய்னர். பெட்டி எண்ணிக்கைய ஒருத்தன் மாத்தி அடிச்சிருக்கான். நான் மட்டும் பாக்கலன்னா அங்க போய் நடுத்தெருவுல நின்னிருக்கும், தெரியுமா?”

ராட்டர்டாம் துறைமுகத்தில் ஏது நடுத்தெரு! நான் சிரிப்பேன். இடுப்பில் ஏறிக்கொள்ளத் துடிக்கும் குழந்தை நித்யாவும் காரணம் தெரியாமல் சிரிப்பாள்.

ஜி.எஸ்.டி. சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்றைக் கண்டால் போதும், என் முழங்கையை இடிப்பாள்.

“அது ஹாம்பர்க் போகுது பாருங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா சொல்றேன். யாரு பின்னாடியே போய்ப் பாக்கப்போறா?”

நான் நிறையப் படிப்பவன். உலக வரைபடத்தில் ஹாம்பர்க் எங்கே இருக்கிறது என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஊரைப் பக்கத்துத் தெருபோல அழைத்துவந்து எங்கள் கூடத்தில் உட்காரவைத்தது அவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பால்கோவாப் பொட்டலத்தோடு வந்தாள். அவள் பிரிவுக்குப் பொறுப்பாளராக அவளையே போடப்போவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அடுத்த நிதியாண்டிலிருந்து ஆறாயிரம் சம்பளம்.

என் மொத்தச் சம்பளம் அப்போது ஐயாயிரத்து நானூறு.

பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டே அந்த அறுநூறு ரூபாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொறாமைதானா? வெகுநாள்வரை வேறு பெயர் வைத்திருந்தேன். நான் தாம்பரத்தில் பஸ் மாறி வீடு சேரும்போது வீடு இருட்டாக இருக்கக் கூடாது, வாசலில் ஒரு முகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசைப்பட்டேன் என்று. அந்த ஆசையும் உண்மைதான். ஆனால் அறுநூறு ரூபாய் இல்லாமலிருந்தால் அந்த ஆசைக்காகக் கணக்குப் போட்டிருப்பேனா? இல்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, யாருடைய கல்யாணப் பத்திரிகையின் உறையோ ஒன்று மேசைமேல் கிடந்தது. அதைத் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தேன். அந்த வாரம் நித்யாவுக்குக் காய்ச்சல். மைதிலி விடுப்பு எடுத்து, தூக்கமில்லாமல் களைத்திருந்தாள். நேரம் பார்த்துத்தான் உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் கைக்கு வருவது மூவாயிரத்து எண்ணூறு. அதில் குழந்தைகள் காப்பகம் ஆயிரத்து இருநூறு. பஸ், ஆட்டோ நானூற்று ஐம்பது. சேலை, செருப்பு முந்நூறு. டீ, டிபன் இருநூறு. வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கு ஐந்நூறு. சமைக்க முடியாத நாளில் கடைச் சாப்பாடு நானூறு. காப்பகத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சளிக்கும் காய்ச்சலுக்கும் டாக்டர், மருந்து இருநூற்று ஐம்பது.

கூட்டினால் மூவாயிரத்து முந்நூறு.

“மிச்சம் ஐந்நூறு, மைதிலி. இருபத்தாறு நாளால வகுத்துப் பாரு. ஒரு நாளைக்கு இருபது ரூபாகூட வரல.”

அவள் உறையை வாங்கிப் பார்த்தாள்.

“அந்த ஆறாயிரம்?”

“அது வரட்டும், பாக்கலாம். வாயால சொல்றத வெச்சு யாராவது கணக்குப் போடுவாங்களா?”

“எனக்கு இவ்வளவுதான் மிஞ்சுதா...” என்றாள். என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டதல்ல. என்னைத்தான் அவள் நம்பினாளே! நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளம் போடுகிறவன் வீட்டுக் கணக்கில் தவறுவானா?

நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். காப்பகம் யாருடைய குழந்தைக்கு? கடைச் சாப்பாட்டை நான் சாப்பிடவில்லையா? வேலைக்கு வருகிறவள் துவைத்ததில் பாதிக்கு மேல் என் துணிதானே? எல்லாவற்றையும் அவள் சம்பளத்தில் மட்டும் கழித்தேன். என் சம்பளத்தில் என் பஸ்ஸைக்கூடக் கழிக்கவில்லை. என்னுடையதற்கு மொத்தச் சம்பளம், அவளுடையதற்குக் கைக்கு வருவது! அவள் பி.எஃப். பிடித்தம் அவளுடைய சேமிப்பு. நிறுவனமும் தன் பங்கைப் போட்டது. அதை எழுதவில்லை. போனஸை எழுதவில்லை. வருடத்துக்கு இரண்டு சேலைக்கு மேல் வாங்காதவளுக்கு மாதம் முந்நூறு ரூபாய் சேலைச் செலவு எழுதினேன்...

பொதுச் செலவுகளைப் பாதியாகப் பிரித்திருந்தாலே மிச்சம் ஆயிரத்து அறுநூற்றைத் தாண்டியிருக்கும். அந்தக் கணக்கை மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. செம்பாக்கம் ஏரி எந்த மழையில் நிரம்பியது, எங்கள் தெருவுக்கு எந்த மாதம் தார் போட்டார்கள், எந்தக் கிழமை எந்தக் கடை திறந்தது... கேட்டால் புரட்டாமலே சொல்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: “பகலில் மின்தடை. மாலையில் தூறல்.”

அந்த மாதக் கடைசியில் மைதிலி வேலையை விட்டாள்.

ஆசைப்பட்டது கிடைத்தது. வீடு வெளிச்சமாக இருந்தது, டீ சூடாக இருந்தது, வாசலில் முகம் இருந்தது. முதல் சில வாரங்கள், “இந்நேரம் கப்பலுக்குப் போயிருக்கும்” என்று எதையாவது சொல்வாள். பிறகு அதுவும் குறைந்தது. ஒருநாள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சொன்னாள்:

“சாந்திக்குக் குடுத்துட்டாங்களாம்.”

சாந்தி அவளுக்கு அடுத்த மேசைக்காரி. எது என்று நான் கேட்கவில்லை. அவளும் தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை இல்லை, குறை இல்லை. காய் விலை, ஸ்கூல் ஃபீஸ், தண்ணீர் லாரி என்று பேச்சும் இருந்தது. ஆனால் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கும் அந்தப் பேச்சு... அதற்காக நான் எத்தனை மாலைகள் காது கொடுத்துக் காத்திருந்தேன் தெரியுமா? அதைக் கொன்றவனே அதற்காக ஏங்கினேன்! கேட்டுப் பெறுகிற பொருளா அது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் நித்யா வீட்டுக்குப் போயிருந்தோம். புது அடுக்குமாடி, ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தால் ஜி.எஸ்.டி. சாலை முழுவதும் தெரியும். அவளுக்குக் குழந்தை பிறந்து, பிரசவ விடுப்பு முடியப்போகிறது. மாப்பிள்ளை பிரசன்னா நல்ல பிள்ளை. போனை என்னிடம் நீட்டினார்.

“எப்படிப் போட்டாலும் பதினோராயிரத்துக்கு மேல நிக்க மாட்டேங்குது, மாமா. அதுக்காக இவ இவ்ளோ கஷ்டப்படணுமா?”

“அப்பா, நீங்க சம்பளம் போட்ட ஆளுதானே? ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்” என்றாள் நித்யா.

பேரனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்த மைதிலி சொன்னாள்: “உங்கப்பா கணக்கு தப்பாதுடி. எனக்கும் போட்டுக் குடுத்தாரே.”

போனைப் பார்த்தேன். நித்யாவின் நாற்பத்தெட்டாயிரம். கழித்தல்: டே கேர் பதினாறு, கேப் ஏழு, சமையல்காரம்மா எட்டு, வெளிச் சாப்பாடு ஆறு. உறையின் பின்பக்கம் அப்படியே எழுந்து வந்து என் கையில் உட்கார்ந்திருந்தது!

“டே கேரை ஏன் இவ சம்பளத்துல மட்டும் கழிச்சீங்க மாப்பிள்ளை?”

“இவ வேலைக்குப் போறதாலதானே மாமா டே கேர்?”

“நீங்களும் வேலைக்குத்தானே போறீங்க?”

அவர் விழித்தார். நித்யா கைகொட்டிச் சிரித்தாள். “மாட்டினீங்களா! அந்தச் சாப்பாட்டையும் சேத்துக்கோங்கப்பா. பிரியாணி ஆர்டர் பண்றது யாராம்?”

“சரண்டர், மாமா” என்று பிரசன்னா இரண்டு கையையும் தூக்கினார். அவருக்கு உண்மையிலேயே தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

டே கேர், சமையல், சாப்பாடு மூன்றையும் பாதியாக்கினேன். இருபத்தாறாயிரம் மிஞ்சியது. பி.எஃப். பிடித்தத்தையும் சேர்த்துச் சொன்னேன். நித்யாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். முன்பு பால்கோவாப் பொட்டலத்தோடு ஒரு முகம் அப்படி இருந்தது.

அப்போது மைதிலி கேட்டாள். தட்டிக்கொண்டிருந்த கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றிருந்தது.

“இப்படியும் போடலாமா?”

“போடலாம்” என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். மகளும் மாப்பிள்ளையும் இருக்கிறார்களே என்று அப்போது தள்ளிப்போட்டேன். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் இந்த நாட்களில் எதைச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன்...?

மைதிலி குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. எங்கள் ஜன்னலுக்கு மிக அருகில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், நீல நிறக் கன்டெய்னர் லாரி ஒன்று வந்து நின்றது. மைதிலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் முழங்கையை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வைத்தேன்.

இடிக்கவில்லை.

நானே கேட்டேன். “இது எங்க போகுது, மைதிலி?”

அவள் திரும்பி என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

“எனக்கு எப்படிங்க தெரியும்?” என்றாள்.

லாரி முதலில் நகர்ந்தது. அதன் பின்னால் எங்கள் பஸ்ஸும்.