காலியாகாத தொட்டி

அறுபத்து மூன்று வயதுவரை லோயிஸுக்குப் பொய் சொல்ல வந்ததில்லை. மிஷன் பள்ளி ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் கிளார்க்காக இருந்தவள், ஒரு நாள்கூடத் தலைவலி என்று சாக்குச் சொல்லி லீவ் எடுத்ததில்லை. இப்போது தினம் காலை ஏழு மணிக்கு ஒரு பொய் சொல்கிறாள். அதே நகரின் மறுகோடியான கொண்டாப்பூரிலிருந்து மகன் பிளஸ்ஸன் போன் செய்யும் நேரம் அது.

"டாடி எப்படி மம்மி? நைட் பெட் டிரையா இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா. நல்லாத் தூங்குனாவ."

சொல்லிவிட்டு அவள் பார்ப்பது, ஜன்னல் கம்பியில் காயப் போட்ட ரப்பர் ஷீட்டை.

அவள் புருஷன் சிலாஸுக்கு மறதி நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. மாரேட்பள்ளியின் அந்தச் சந்து வீட்டில் இருவர்தான். சென்ற கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பிளஸ்ஸன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "பெட்ல போக ஆரம்பிச்சா உன்னால முடியாது மம்மி. அன்னைக்கே உப்பல் முதியோர் ஹோம்ல சேர்த்துடுவோம். டீல்?"

அவள் தலையாட்டினாள். ஏப்ரலில் அது ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லாமல், அடுத்த தெரு மருந்துக்கடையை விட்டுவிட்டு, மூன்று தெரு தள்ளிப் போய்ப் பெரியவர்கள் கட்டும் டயப்பர் வாங்கினாள். அழுக்கானவற்றைப் பேப்பரில் சுற்றி, வீடு தேடி வரும் குப்பைக்காரப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுவாள். அந்தப் பெண்ணும் எதுவும் கேட்டதில்லை.

ஜூன் மாதம் எல்லாம் மாறியது. வார்டு ஆபீஸ்காரர்கள் வீட்டுக்கு இரண்டு, சக்கரம் வைத்த பெரிய தொட்டிகளை இறக்கினார்கள். பச்சை ஈரக் குப்பைக்கு, நீலம் காய்ந்ததற்கு. மூடியில் வீட்டு எண்ணும் வார்டு ஆபீஸின் போன் நம்பரும் இருந்தன. இனி சந்துக்குள் யாரும் வர மாட்டார்கள். லாரி சந்துமுனையில் நிற்கும். அவரவர் தொட்டியை அவரவர் தள்ளிக்கொண்டு போக வேண்டும். டயப்பரைத் தனியாகச் சுற்றி, சிவப்பு மையில் அடையாளமிட்டு, லாரிக்காரன் கையில் கொடுக்க வேண்டும்.

எல்லோர் முன்னாலும்.

எதிர்வீட்டு ஷெர்லியும் பிளஸ்ஸனின் மனைவி ரேச்சலும் ஒரே ஜெபக்குழு. ஷெர்லி காலையில் பார்த்தால் ரேச்சலுக்கு மதியத்துக்குள் தெரிந்துவிடும். அதனால் லோயிஸ் டயப்பர்களைப் பச்சைத் தொட்டியின் அடியில் வைத்தாள். மேலே கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், டீத்தூள்.

ஆனால் அந்தத் தொட்டியால் ஒரு நன்மையும் வந்தது. சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் ஒர்க்ஸில் முப்பத்தொரு வருடம் சிலாஸ் டிராலி தள்ளியவர். வார்ப்படப் பிரிவிலிருந்து சுடச்சுட வரும் இரும்பை லேத் பிரிவுக்குக் கொண்டு போவது அவர் வேலை. மகன் பெயரை மறந்த மனிதர், தொட்டியின் கைப்பிடியைக் கண்டதும் இரு கைகளாலும் பிடித்தார். லேசாகச் சாய்த்து, சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"ஆயில் போடணும், ஏட்டி. கத்துது."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் முழுதாகப் பேசிய வாக்கியம். லோயிஸ் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டுத் தேங்காயெண்ணெய் கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து காலையில் தொட்டி அவர் பொறுப்பு. சந்துமுனை அறுபது அடி தூரம். லாரி தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும்வரை விறைப்பாக நிற்பார். காலியானதைத் தள்ளிக்கொண்டு திரும்பி, இரண்டு இட்லி சாப்பிட்டு, வம்பு செய்யாமல் தூங்குவார். வாசலில் நின்று அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, அவர் சந்துமுனைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவள் உள்ளே போனாள். "நல்லாத் தூங்குனாவ" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், சந்துமுனையில் லாரிக்காரன் தொட்டியைத் திறந்து, கம்பியால் கிளறி, அடியிலிருந்ததைப் பார்த்துவிட்டான்.

"மிக்ஸ் சேசினாரு. தீஸ்கோம். வாபஸ் தீஸ்கெள்ளு தாத்தா."

எல்லாம் கலந்திருக்கிறது, எடுக்க மாட்டோம், திருப்பிக் கொண்டுபோ என்று சொல்லி மூடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினான். லாரி போய்விட்டது.

ஒர்க்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்றிய சரக்கோடு டிராலி திரும்பி வரக்கூடாது. ஒரு பிரிவு வாங்காவிட்டால் அடுத்த பிரிவு. எங்காவது இறக்கிவிட்டுத்தான் வர வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் சிலாஸ் ஒருமுறைகூட நிரம்பிய டிராலியோடு திரும்பியதில்லை. அவர் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

லோயிஸ் வெளியே வந்தபோது சந்து காலியாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி ஸ்கூட்டரை எடுத்தார். "லாரிக்காரன் ஸ்டிக்கர் ஒட்டுனத மாடியிலேருந்து பாத்தேன். திரும்பி வீட்டுக்குத்தான் வருவாருன்னு நினைச்சேன்மா. பிளஸ்ஸனுக்கு ஒரு போன் போட்டுரு."

"நக்கோ, வேண்டாம் அண்ணே. முதல்ல ஆளு கிடைக்கட்டும்."

சர்ச், ரயில்வே ஸ்டேஷன், அரசு ஆஸ்பத்திரி என்று ஐந்து மணி நேரம் தேடினார்கள். ஒர்க்ஸை மூடிப் பன்னிரண்டு வருடமாகிவிட்டதால் சனத்நகர் அவள் நினைவுக்கு வரவே இல்லை. மதியம் பன்னிரண்டுக்குப் பிளஸ்ஸன்தான் கூப்பிட்டான்.

"மம்மி, டாடி எங்க?"

"தூங்..."

"வேணாம் மம்மி. நான் டாடி பக்கத்துலதான் நிக்கறேன்."

ஒர்க்ஸ் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி எழும்புகிறது. குப்பை கொட்ட வந்த கிழவன் என்று நினைத்து வாட்ச்மேன் தடியை வீசியிருக்கிறான். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து, மூடியிலிருந்த நம்பருக்குப் போன் செய்தவனும் அவனேதான். வார்டு ஆபீஸில் அந்த வீட்டுக்கு எழுதி வைத்திருந்தது பிளஸ்ஸனின் நம்பர்.

அவள் போய்ச் சேர்ந்தபோது நர்சிங் ஹோமில் சிலாஸின் நெற்றியில் ஆறு தையல் போட்டிருந்தார்கள். செருப்பில்லாத பாதங்கள் கொப்புளித்து உரிந்திருந்தன. "எங்க இறக்கணும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான், ஏட்டி" என்றார், குற்றம் செய்தவர்போல.

பிளஸ்ஸன் வராந்தாவில் நின்றான். "டப்பாக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தேன். எத்தனை மாசமா மம்மி?"

"ஏப்ரல்லேருந்து."

"தினமும் கேட்டேனே. தினமும்."

அவன் கத்தியிருந்தால் அவளும் ஏதாவது பேசியிருப்பாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "உப்பல் ஹோமுக்குப் போன் போடுப்பா. நானே கூட்டிட்டு வாரேன்."

தையல் பிரித்த மறுநாள் உப்பலுக்குப் போவதாக ஏற்பாடு. பல பேர் துணி ஒன்றாகத் துவைக்கும் இடம், எல்லாவற்றிலும் பெயர் எழுதி அனுப்புங்கள் என்று ஹோமில் சொல்லியிருந்தார்கள். கட்டில்மேல் எட்டுச் சட்டை, ஆறு லுங்கி, இரண்டு துண்டு. அழியாத மை பேனாவால், பள்ளி ரிஜிஸ்டரில் எழுதிய அதே முத்துமுத்தான எழுத்தில், காலருக்குள் 'சிலாஸ்', 'சிலாஸ்' என்று எழுதிக்கொண்டே போனாள்.

எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர். கடைசித் துண்டும் முடிந்ததும், சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, முன்கையைத் திருப்பி அவள் மடியில் வைத்தார்.

"இதுலயும் எழுதிரு," என்றார்.

லோயிஸ் பேனாவை மூடவில்லை. அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள்.

தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும்.