கோவர்த்தனன் சைக்கிளில் வந்த டிக் சத்தம்

1. ஸ்டாண்டில் மாட்டினால் வராது

“சத்தம் நிக்கலைன்னா வண்டிய வித்துருங்கண்ணே. இனிமே இதுல ஏற நம்மளால ஆகாது” என்று சொல்லிவிட்டு கோவர்த்தனன் கடை வாசலிலேயே நின்றுகொண்டார். கடிக்கிற நாயை ஒப்படைப்பவர்போல சைக்கிளை என் பக்கம் தள்ளிவிட்டார்.

காளவாசலில் ஒரு கியர் சைக்கிள் கடையில் நான் சர்வீஸ் மெக்கானிக். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கியர் டியூனிங் கற்றுத்தரச் சொல்வார்கள், டிஸ்க் பிரேக் கற்றுத்தரச் சொல்வார்கள். சத்தத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி, காது பார்க்கிற வேலைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோவர்த்தனன் சௌராஷ்டிரக்காரர். தெற்குவாசல் பக்கம் சேலை வியாபாரம். நாள் முழுக்கப் பேசிப் பேசியே ஓய்ந்துபோகிற பிழைப்பு. காலையில் மட்டும் தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரவை தாண்டி வயல் பக்கம் போய்விடுவார். “அந்த ரோட்டுல போறப்ப நான் யாருங்கிறதே மறந்துரும்ணே” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அப்படித் தன்னை மறந்து போய்க்கொண்டிருந்த ஒரு காலையில் பழைய சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் முறிந்து ரோட்டில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு உடைந்தது. குணமானதும் எங்கள் கடையில் புது வண்டி வாங்கினார். வாங்கிய அன்றைக்கே சத்தம் வருகிறது என்றார். அப்புறம் வாராவாரம் வந்து நின்றார்.

வலது கால் மேலே வரும்போது ஒரு டிக். அடுத்த சுற்றில் இன்னொரு டிக். நாக்கால் அதை அப்படியே செய்து காட்டுவார்.

வண்டியை விற்றுவிடச் சொன்ன அன்று அவருடைய மனைவி பத்மாவும் வந்திருந்தார். அவர் கடைக்குள் வந்து மெதுவாகச் சொன்னார்: “லேசா எடுத்துக்காதீங்கண்ணே. பழைய வண்டி முறியிறதுக்கு முன்னாடியும் இப்பிடித்தான் டிக்குனு கேட்டுச்சாம். கேட்டும் கேக்காத மாதிரி போயிட்டேன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாரு. இப்ப வீட்டுல உக்காந்தா உக்காந்த எடம்தான். செவத்தப் பாத்துக்கிட்டே இருக்காரு. எனக்குப் பயமா இருக்கு. நீங்கதான் எப்பிடியாச்சும் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்.”

வண்டியை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றினேன். பெடல் வெண்ணெய்போல ஓடியது. நானே ஏறி பைபாஸ் ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வந்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. இருந்தாலும் விடவில்லை. பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்தேன். கிராங்க், பாட்டம் பிராக்கெட், சீட் போஸ்ட் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து மாட்டினேன். ஃபோர்க்கில் டார்ச் அடித்து மயிரிழைக் கீறல்கூட இல்லை என்று பார்த்துக்கொண்டேன். ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால், காளவாசல் சிக்னலைத் தாண்டும் முன்பே இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார்.

“வருதுண்ணே.”

எங்கள் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “வண்டியில ஒண்ணும் இல்ல மாப்ள. அவரு காதுலதான் கோளாறு. டாக்டர்கிட்ட அனுப்பி வையி” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பயந்தவன் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடுமா? இல்லாத சத்தத்தை ஒரு மனிதன் ஒவ்வொரு முறையும் அப்படி ஒரே மாதிரி சொல்ல முடியாது. “நாளைக்கு விடியக்காலம் வாங்கண்ணே. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துலயே வாரேன்” என்றேன். அவர் பத்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அரை மனதாகச் சரி என்றார்.

2. பரவைக்கு அப்பால்

பரவை மார்க்கெட்டில் காய்கறி லாரிகள் இறக்கிக்கொண்டிருந்தன. அதைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாகப் போகும் சின்ன ரோட்டில் திரும்பியதும் உலகம் சட்டென்று அமைதியாகிவிட்டது. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. வானம் முழுக்க அந்தத் தண்ணீருக்குள் கிடந்தது. அதன்மேல் ஒரு கை உயரத்துக்குப் பனி. நாங்கள் ரோட்டில் போகிறோமா, தண்ணீரில் போகிறோமா என்று எனக்கே மயக்கமாக இருந்தது.

சத்தம் தேடும்போது நான் எதையும் உற்றுக் கேட்பதில்லை. உற்றுக் கேட்டால் நாம் நினைப்பதுதான் கேட்கும். காதைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா ஓட்ட வேண்டும். டயர் தார் ரோட்டில் உரசுவது கேட்டது. தூரத்தில் ஒரு மோட்டார் ஓடியது. கொக்கு ஒன்று எழுந்து பறந்தது கேட்டது. சுகமாக இருந்தது. எதற்காக வந்தோம் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

அப்போது கேட்டது. டிக்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இத்தனை நாள் கழித்து, தனக்குக் கேட்பது இன்னொருத்தனுக்கும் கேட்டுவிட்டது. அவர் முகம் அழுவதுபோல ஆனது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிதித்தார். டிக். டிக். அந்தப் பனிக்குள் அது என்னவோ அழகாகக்கூட இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

“வண்டிய மாத்துவோம்ணே” என்றேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். அவர் வண்டியில் நான் ஏறினேன். கப்சிப். என் வண்டியில் அவர் ஏறினார். டிக்.

சடாரென்று பிரேக் பிடித்தார். “அண்ணே, ஒங்க வண்டியும் முறியப் போகுது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“வண்டியில இல்லண்ணே. சத்தம் ஒங்ககிட்ட இருந்துல்ல வருது.”

“எங்கிட்டயா?” அவர் கை தானாகத் தோள்பட்டைக்குப் போனது. “எலும்பாண்ணே?”

நடுரோட்டில் அவரை நிற்க வைத்து, காலைத் தூக்கச் சொல்லி, முழங்காலில் காதை வைத்துக் கேட்டேன். களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா நின்று பார்த்துவிட்டு, “என்னண்ணே, முட்டி என்ன சொல்லுது?” என்று கேட்டுவிட்டுப் போனார். முட்டி ஒன்றும் சொல்லவில்லை.

3. பம்புசெட்

இரண்டு பேருக்கும் சலித்துவிட்டது. வரப்பு முனையில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர், “குளிச்சிட்டுப் போங்க, காசா பணமா” என்றார். கோவர்த்தனன் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தால் எனக்குக் கண் சொருகும்.

குளித்து முடித்ததும் தோட்டக்காரர் மோட்டாரை நிறுத்தினார். கோவர்த்தனன் மேலே ஏறி வந்து வலது காலைத் தொட்டிமேல் தூக்கி வைத்து, குனிந்து பாதத்தைத் தேய்த்தார். டிக்.

“அண்ணே, அப்பிடியே நில்லுங்க” என்றேன்.

அவர் இடுப்பில் அரைஞாண் கயிறு. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளித் தாயத்துகள். ஒன்று கறுத்துப் போனது, இன்னொன்று பளபளவென்று புதுசு. குனிந்த உடம்போடு வலது தொடை மேலே வரும்போதெல்லாம் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. நிமிர்ந்து நடந்தால் தட்டாது. சைக்கிளில் குனிந்து மிதித்தால்தான் தட்டும்.

“புதுசு எப்பண்ணே கட்டுனது?”

“ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் பத்மா மந்திரிச்சு வாங்கியாந்து கட்டுனா. மறுபடி விழுந்துறக் கூடாதுன்னு.”

சொல்லி முடித்ததும்தான் அவருக்கு விளங்கியது. விரலால் ஒன்றை மற்றதில் தட்டிப் பார்த்தார். டிக். மறுபடியும் தட்டினார். ஈரத்தோடு அப்படியே தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். “இதுக்காண்ணே நான் இம்புட்டு நாளும் செத்தேன்?” என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

நான் மெக்கானிக் புத்தியில், “நடுவுல இன்சுலேசன் டேப்பு ரெண்டு சுத்து சுத்துனா நின்னுரும்ணே” என்றேன். அவர் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4. வாசலில்

நானும் அவரோடு வீட்டுக்குப் போனேன். பத்மா வாசலில் காத்துக்கொண்டிருந்தார். கோவர்த்தனன் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் நடந்ததைச் சொன்னார். எனக்கு அதில் ஒரு சொல் தெரியாது. பத்மாவின் முகம் மாறியதைப் பார்த்துத்தான், தாயத்து வரைக்கும் சொல்லிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

“தொணையா இருக்கட்டும்னுதானண்ணே கட்டுனேன்” என்று என்னிடம் தமிழில் சொன்னார். “அதுவே அவரை இந்தப் பாடு படுத்திருக்கே.” அழுதுகொண்டே கணவரின் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

கோவர்த்தனன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அவுக்காத பத்மா. முறியிற சத்தம்னு நெனச்சுக் கேட்டேன், பயமா இருந்துச்சு. இனிமே நீ கூட வாரன்னு நெனச்சுக் கேட்டுக்கிறேன்.”

அதை அவர் தமிழில்தான் சொன்னார். நானும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அங்கே நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் காப்பி குடிக்காமல் அவர்கள் என்னை விடவில்லை.

சத்தம் என்று யாராவது வண்டி கொண்டுவந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. “நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல வாரேன்” என்கிறேன். வண்டியை மட்டும் ஸ்டாண்டில் மாட்டிப் பார்ப்பது பாதிச் சோதனைதான். ஓட்டுகிற ஆளும் அதன்மேல் இருந்தால்தான் அது முழு வண்டி. தொழிலுக்கு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கோவர்த்தனன் பரவைப் பக்கம் போகும்போது எங்கள் கடையைத் தாண்டித்தான் போகிறார். நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தால் கையை மட்டும் உயர்த்துவார். காளவாசல் பஸ் ஹாரனில் எனக்கு அந்த டிக் கேட்பதில்லை. அவருக்குக் கேட்கிறது என்பது முகத்திலேயே தெரிகிறது.